ஒரே உடம்பில் இரண்டு செலவு: புற்றுநோய் வந்த இளவயதினரின் சாப்பாடு

கையை மடக்கச் சொல்லி, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார் டயட்டீஷியன். பிறகு கையைத் தளர்த்தித் தொங்கவிடச் சொல்லி, அந்தப் புள்ளியைச் சுற்றி நாடாவை ஓட்டினார். சட்டைக்கு அளவெடுப்பது போலத்தான் இருந்தது. அக்கா மகனுக்கு அப்போது வயது பதினேழு. முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பில் கட்டி. கோபிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவைக்கு வந்து மருத்துவமனையில் சேர்த்து மூன்றாம் நாள்.

"எடைதான் பாத்துட்டீங்களே, அப்புறம் எதுக்குங்க கையை அளக்கறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"எடையில கட்டி, வீக்கம், ஏத்தின குளுக்கோஸ் எல்லாம் சேர்ந்திருக்குமுங்க. சதை எவ்வளவு இருக்குன்னு கைதான் சொல்லும்" என்றார் அவர்.

எனக்கு இந்த விஷயத்தில் முதல் பாடம் அந்த நாடாதான். நான் மருத்துவர் இல்லை, மனையியல் படித்தவள். புத்தகத்தில் படித்த சத்துணவுப் பாடத்தை வீட்டுப் பிள்ளை ஒருவனுக்காகச் செய்து பார்க்க வேண்டி வந்தது. அப்போது தெரிந்துகொண்டதை, இப்போதுதான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நோய்க்கு நோய், மருந்துக்கு மருந்து மாறுகிற விஷயங்கள் இதில் நிறைய உண்டு. அந்த இடங்களில் உங்கள் மருத்துவரும் டயட்டீஷியனும் சொல்வதையே கேளுங்கள்.

இரண்டு செலவு என்றால் என்ன

பருவ வயது என்பது உடம்பு வீடு கட்டுகிற காலம். வளர்ந்து முடித்த பிறகு இருக்கப்போகும் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், எடையில் கிட்டத்தட்டப் பாதியும் இந்தச் சில வருடங்களில்தான் சேர்கின்றன. வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பின் பெரும்பகுதியும் இந்த வயதில்தான் கெட்டிப்படுகிறது. நன்றாக இருக்கிற பிள்ளைகளே பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "என்ன இருக்கு?" என்று பாத்திரத்தைத் திறப்பது இதனால்தான். இது முதல் செலவு.

இரண்டாவது, நோயும் சிகிச்சையும் வைக்கிற செலவு. விரதம் இருக்கும்போது நம் உடம்பு கொஞ்சம் சாமர்த்தியமாக நடந்துகொள்ளும். கொழுப்பை எடுத்து எரித்து, சதையை முடிந்தவரை காப்பாற்றும். புற்றுநோயில் அப்படி இல்லை. உடம்புக்குள் தொடர்ந்து ஒரு அழற்சி நடப்பதால் பசி மங்கிவிடும். அதோடு சதையும் கரையும். மேலே சிகிச்சை வேறு. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிறது. புற்றுநோய்ச் செல் மட்டுமா வேகமாகப் பெருகுகிறது? வாயின் உள்தோல், குடலின் உள்தோல், முடிவேர், எலும்பு மஜ்ஜை எல்லாம் அப்படித்தான். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் முடி கொட்டுவதும் ரத்த அணுக்கள் குறைவதும் இதனால் வருபவை. அவற்றைத் திரும்பக் கட்டவும் சாப்பாடு வேண்டும். சாப்பிட முடியாத நேரம் பார்த்துத்தான் தேவையும் கூடுகிறது.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 15 முதல் 39 வயது வரை உள்ளவர்களைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. ரத்தப் புற்று, ஹாட்ஜ்கின் லிம்போமா, எலும்புப் புற்று, தைராய்டு, மூளைக்கட்டி என்று இந்த வயதில் அதிகம் வருபவை குழந்தைகளுக்கு வருவதோடும் முழுக்கப் பொருந்தாது, வயதானவர்களுக்கு வருவதோடும் பொருந்தாது. சாப்பாடும் அப்படியே. ஐம்பது வயது மாமாவுக்குச் சொன்ன பத்தியத்தைப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு வைக்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

எவ்வளவு வேண்டும்

2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட பரிந்துரைப்படி, 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3,320 கலோரியும் 55 கிராம் புரதமும் வேண்டும். பெண்ணுக்கு 2,500 கலோரி, 46 கிராம் புரதம். உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2,110 கலோரி போதும் என்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். இது ஆரோக்கியமாக ஓடியாடும் பிள்ளைக்கான கணக்கு. படுக்கையில் இருப்பவனுக்குக் கலோரி கொஞ்சம் குறையலாம். புரதம் குறையாது, பெரும்பாலும் கூடத்தான் வேண்டும். பெரியவர்களில் புற்றுநோயாளிகளுக்கு எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. வளரும் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை டயட்டீஷியன் தனியாகப் போட்டுத் தருவார்.

அதை நம் வீட்டுச் சமையலில் பார்ப்போம். நாமக்கல் முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம். அரை லிட்டர் பாலில் பதினாறு. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையில் ஏழு. ஒரு கைப்பிடி பச்சைப் பயிறோ துவரம்பருப்போ கொள்ளோ வேகவைத்தால் இன்னொரு ஏழு. நூறு கிராம் கோழிக்கறியில் இருபதுக்குக் குறையாது. மூன்று வேளைச் சோறு, இட்லியில் பத்துப் பன்னிரண்டு. இரண்டு முட்டையோடு கூட்டிப் பாருங்கள், எழுபதைத் தாண்டும். ஐம்பது கிலோ பிள்ளைக்கு இதற்காகப் பவுடர் டப்பா வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஊரிலிருந்து பார்க்க வந்த சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கொரு சத்துமாவு பாட்டிலோடு வந்தார்கள். அந்தக் காசுக்கு முட்டையும் கடலையும் வாங்கியிருந்தால் எவ்வளவோ தேவலை. சாப்பாடே இறங்காத நாட்களில் டயட்டீஷியன் குறிப்பிட்டுச் சொல்லும் பானம் வேறு விஷயம். அதை மருந்து மாதிரி நேரம் பார்த்துக் கொடுங்கள்.

புரட்டாசி வந்தால் முட்டை, கறி நிறுத்துகிற வீடுகள் உண்டு. நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். நிறுத்துவதானால் அந்த இடத்தில் பால், பருப்பு, கடலை, சோயா எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த ஒரு வருடம் சாமி பொறுத்துக்கொள்ளும் என்று அப்பத்தாவே முட்டையை வேகவைத்துக் கொடுத்தார்.

அப்புறம் கஞ்சி. உடம்பு முடியாதவர்களுக்குக் கஞ்சிதான் என்று நம் கை தானாகப் போகும். நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி ஒரு சொம்பு குடித்தால் வயிறு நிறைந்துவிடும், உள்ளே போன சத்து என்னவோ கொஞ்சம்தான். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு வேறு எதையும் கேட்க மாட்டான். அளவைக் கூட்டாமல் சத்தைக் கூட்டுவதுதான் வழி. ராகிக் கஞ்சியைப் பாலில் காய்ச்சி, வறுத்து அரைத்த கடலைப்பொடி ஒரு கரண்டி, நாட்டுச்சர்க்கரை, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்தால் அதே டம்ளரில் மூன்று நான்கு மடங்கு போகும். ராகியில் சுண்ணாம்புச் சத்து நூறு கிராமுக்கு முந்நூற்றைம்பது மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. எலும்பு வளரும் வயதில் அது சும்மா இல்லை. சந்தவைக்கு நீர்த்த பால் ஊற்றாமல் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றலாம். இட்லிப்பொடியில் எள்ளையும் கடலையையும் கூட்டி, நல்லெண்ணெய் தாராளமாக விடலாம். கடலை மட்டும் பூஞ்சை வாடை இல்லாத புதுக் கடலையாக இருக்க வேண்டும். கணையம் வீங்கிய பிள்ளைக்கு இப்படி நெய்யும் எண்ணெயும் கடலையும் கூட்டுவது பொருந்தாது. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் ஆஸ்பராஜினேஸ் மருந்தில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு, அப்போது கொழுப்பைக் குறைக்கச் சொல்வார்கள்.

கீமோ நாளும் பிடித்த சாப்பாடும்

இங்கே நாங்கள் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அவனுக்கு அரிசிம்பருப்புச் சாதம் என்றால் உயிர். சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் தாளித்து, குக்கர் திறந்ததும் மேலே நெய் விட்டு, சூடாக. முதல் கீமோ அன்று ஆசையாகச் செய்து டிபன் கேரியரில் எடுத்துப் போனாள் அக்கா. அவனும் இரண்டு தட்டு சாப்பிட்டான். சாயங்காலம் தொடங்கிய வாந்தி மறுநாள் மதியம்தான் நின்றது. அதற்குப் பிறகு பூண்டு தாளிக்கும் வாசம் வந்தாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். பிடித்த சாப்பாட்டை எங்கள் கையாலேயே அவனுக்கு ஆகாததாக்கிவிட்டோம்.

இது மனப்பிரமை அல்ல. 1978-ல் ஐலீன் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர், கீமோ எடுக்கும் பிள்ளைகளுக்கு அதற்குச் சற்று முன் புதுச் சுவையில் ஒரு ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பின்னாளில் அதே ஐஸ்கிரீமைக் காட்டியபோது நிறையப் பிள்ளைகள் வேண்டாம் என்றார்கள். குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்று புத்திக்குத் தெரிந்தாலும், உடம்பு பழியைக் கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் போட்டுவிடுகிறது. 1987-ல் வந்த இன்னொரு ஆய்வில் அவர் குழுவினர் இதையே திருப்பிப் பயன்படுத்தினார்கள். சாப்பாட்டுக்கும் கீமோவுக்கும் நடுவில் தூக்கலான சுவையுள்ள ஒரு மிட்டாயைக் கொடுத்தார்கள். பழி மிட்டாயின் மேல் போனது, சாப்பாடு தப்பித்தது.

அதனால் கீமோ அன்றும் மறுநாளும் பிள்ளைக்கு உயிரான பதார்த்தத்தைச் செய்யாதீர்கள். அதைப் பசி திரும்பும் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளுக்கு வாசம் வராத, ஆறின சாப்பாடு போதும்: இட்லி, ரஸ்க், தயிர்சாதம், இஞ்சி தட்டிப் போட்ட எலுமிச்சைச் சாறு. சமைக்கிற இடத்திலிருந்து அவனைத் தள்ளி உட்கார வையுங்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், எழுதிக் கொடுத்த நேரத்துக்கே கொடுத்துவிடுங்கள். சிஸ்பிளாட்டின் போன்ற மருந்தில் எல்லாமே இரும்பு மாதிரி ருசிப்பதாகச் சொல்வார்கள். எவர்சில்வர் ஸ்பூனை விட்டு மரக்கரண்டியோ பிளாஸ்டிக்கோ கொடுத்தால் கொஞ்சம் தேவலை, கொஞ்சம் புளிப்பும் உதவும். மெத்தோட்ரெக்சேட் அதிக அளவில் ஏற்றும் நாட்களில் கோலா பானங்கள் வேண்டாம், மருந்து உடம்பை விட்டு வெளியேறுவதை அவை தாமதப்படுத்தக்கூடும். ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையையும் அந்த மருந்து நடக்கும்போது நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கீமோ முடிந்து ஐந்தாறு நாளில் வாய்ப்புண் வரலாம். அப்போது காரம், புளிப்பு, முறுக்கு எதுவும் ஆகாது. ஆறவைத்த பால், ராகிக்கூழ், மசித்த வாழைப்பழம், குழைந்த பருப்புச் சோறு, ஐஸ்கிரீம் கூடக் கொடுக்கலாம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பும் கால் ஸ்பூன் சமையல் சோடாவும் கரைத்து அடிக்கடி கொப்பளிக்கச் சொல்லுங்கள். விழுங்கவே முடியாமல் போனால் மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டு உணவு கொடுப்பார்கள். குழாய் என்றதும் "அவ்வளவு தூரம் போயிடுச்சா" என்று வீட்டில் அழுவார்கள். அது கைவிட்டதன் அடையாளம் இல்லை. எடையைக் காப்பாற்றும் வழி, வாய் ஆறியதும் எடுத்துவிடுவார்கள்.

ஸ்டீராய்டு பசி

ரத்தப் புற்றுக்கும் லிம்போமாவுக்கும் கதை நேர்மாறாகவும் போகும். பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்துகள் கொடுக்கும் வாரங்களில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பரோட்டா கேட்பார்கள். முகம் உப்பும், வயிறு போடும். அதே சமயம் கைகால் சதை கரையும், எலும்பில் சுண்ணாம்பு குறையும், ரத்தத்தில் சர்க்கரை ஏறலாம். எடை கூடுகிறதே, நல்லதுதானே என்று ஏமாந்துவிடக் கூடாது. கையளவு நாடா இங்கேயும் உண்மையைச் சொல்லும்.

இந்த நேரத்தில் பதினாறு வயதுப் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சாப்பாட்டை நிறுத்துவாள். கல்யாணம் காட்சிக்கு வரமாட்டேன் என்பாள். அவளிடம் "முகம் ஒண்ணும் மாறல சாமி" என்று பொய் சொல்லாதீர்கள். மருந்து நிறுத்தினால் முகம் பழையபடி திரும்பும் என்ற உண்மையைச் சொல்லுங்கள். உப்பு, வற்றல், ஊறுகாய், சிப்ஸைக் குறைத்து, பசிக்கிற நேரத்துக்குச் சுண்டல், அவித்த முட்டை, கம்பு தோசை என்று வயிறு தாங்குகிறதைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள்.

கவுண்ட் குறையும் வாரம்

கீமோவுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் வெள்ளை அணுக்கள் இறங்கும். வார்டில் "கவுண்ட் கம்மியா இருக்கு" என்பார்கள். சாதாரணமாக வயிறு சமாளித்துவிடும் கிருமி அப்போது ரத்தம் வரை போய்விடும். பச்சைக் காய்கறியே ஆகாது என்று ஒரு காலத்தில் கண்டிப்பாக இருந்தார்கள். அந்தக் கண்டிப்பால் தொற்று கூடுதலாகக் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. சுத்தமாகச் சமைப்பதும் சூடாகச் சாப்பிடுவதும்தான் முக்கியம் என்று பல இடங்களில் மாறியிருக்கிறார்கள். தயிர் கொடுக்கலாமா, பழம் எது என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், உங்கள் வார்டில் கேளுங்கள்.

எங்கும் மாறாதவை சில உண்டு. காய்ச்சி ஆறிய தண்ணீர். காய்ச்சிய பால். மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வெந்த முட்டை. ஆஃபாயில் இப்போது இல்லை. சமைத்த சாப்பாடு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம். பழைய சோறும் இரவெல்லாம் புளித்த கம்மங்கூழும் நம் ஊரின் நல்ல சாப்பாடுகள்தான், ஆனால் கவுண்ட் ஏறும் வரை அன்றன்று சமைத்ததே இருக்கட்டும். உரித்துச் சாப்பிடும் வாழைப்பழமும் ஆரஞ்சும் மற்றவற்றைவிடப் பயமில்லாதவை.

பிள்ளைகளோடு தகராறு வருவது இந்த இடத்தில்தான். கோவைப் பையனுக்கு ரோட்டோரக் காளான், சேலத்துப் பெண்ணுக்குத் தட்டுவடை செட். நண்பர்கள் சாப்பிடும் போட்டோ போனில் வந்து விழுகிறது. தட்டுவடை செட்டில் பச்சையாகத் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் ஆறின சட்னியும் இருப்பதால் அது கவுண்ட் குறைந்த வாரத்துக்கு ஆகாது என்று காரணத்தோடு சொன்னால் இந்த வயதுக்குப் புரியும். "வேண்டாம்னா வேண்டாம்" என்றால் ஒளித்துச் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் காளானை வீட்டிலேயே செய்தோம், முட்டைக்கோஸை நன்றாக வேகவிட்டு, மிளகு தூக்கலாக. நண்பர்கள் இரண்டு பேரை வரச் சொல்லி அவர்களோடு உட்கார வைத்தோம். தனியாக இருந்தால் நான்கு வாயோடு எழுந்துவிடுபவன் அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான். என்ன சாப்பிடுகிறான் என்பதோடு யாரோடு சாப்பிடுகிறான் என்பதையும் அன்றிலிருந்து கவனிக்க ஆரம்பித்தோம்.

பார்க்க வருபவர்கள் சொல்வது

"சர்க்கரையை நிறுத்துனா கட்டி பட்டினி கிடந்து செத்துரும்" என்பார்கள். உடம்பின் எல்லாச் செல்லும் குளுக்கோஸைப் பயன்படுத்துகிறது. வாயால் சாப்பிடாவிட்டால் உடம்பு தன் சதையைக் கரைத்து அதைச் செய்துகொள்ளும். பட்டினி கிடப்பது பிள்ளைதான்.

முள் சீத்தாப்பழம் கீமோவைவிடச் சிறந்தது என்று போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. மனிதர்களிடம் அப்படி நிரூபிக்கப்படவில்லை. அதன் இலைக் கஷாயத்தை நாள்கணக்கில் குடிப்பது நரம்புக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்ற கவலையும் உண்டு. ஈரோட்டு மஞ்சள் குழம்பிலும் ரசத்திலும் எப்போதும் போல இருக்கட்டும். மஞ்சளின் சாரத்தை மாத்திரையாக விழுங்குவது வேறு, அது மருந்துகளோடு மோதலாம். இமாட்டினிப் போன்ற சில மாத்திரைகளுக்குப் பம்ளிமாஸ் பழமும் ஆகாது.

ரத்தம் குறைவு என்றதும் இரும்புச் சத்து டானிக் வாங்கி வருவார்கள். கீமோவில் ரத்தம் குறைவது பெரும்பாலும் மஜ்ஜை ஓய்ந்து போவதால். ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டில் ரத்தத்திலும் இருநூறு மில்லிகிராமுக்குக் குறையாமல் இரும்பு உள்ளே வருகிறது. அதற்கு மேல் டானிக் கொடுத்தால் தேவைக்கு மேல் இரும்பு சேரும். டாக்டர் எழுதினால் மட்டும் கொடுங்கள்.

வீட்டில் எழுதி வைக்க வேண்டியது

சிகிச்சை முடிந்த பிறகும் எலும்புக்கான பாலும் ராகியும் வெயிலும், டாக்டர் அனுமதித்த அளவு நடையும் தொடர வேண்டும். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், அதை எடுத்தவர்களுக்கு இதயப் பரிசோதனை வருடக்கணக்கில் தேவைப்படும். எடை அளவுக்கு மீறி ஏறாமல் பார்த்துக்கொள்வது அந்த இதயத்துக்கும் நல்லது. கல்லூரி சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளையிடம் மது வேண்டாம் என்பதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

சிகிச்சை முடியும் வரை ஒரு நோட்டுப் போடுங்கள். வாரம் ஒரு நாள், காலையில் ஒரே தராசில் எடை. ஐம்பது கிலோ பிள்ளைக்கு ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டயட்டீஷியனைப் பாருங்கள். அந்தந்த நாள் என்ன சாப்பிட்டான், எத்தனை முறை வாந்தி என்று இரண்டு வரி. அதை அவன் கையாலேயே எழுதச் சொல்லலாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் வார்டு போன் நம்பரையும், எப்போது கூப்பிட வேண்டும் என்பதையும் பெரிதாக எழுதுங்கள். காய்ச்சல் 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், ராத்திரி எந்த நேரமானாலும், மாத்திரை கொடுத்துப் பார்க்காமல். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூட வயிற்றில் நிற்கவில்லை என்றால். சிறுநீர் மிகவும் குறைந்துவிட்டால். வயிற்றுவலி முதுகுக்குப் பாய்ந்தால். மூன்று நாளாக மலம் போகவில்லை என்றால். வின்கிரிஸ்டின் ஊசி போட்ட வாரத்தில் இது சாதாரணமாக வரும், அதற்கு நீங்களாகப் பேதி மருந்தோ எனிமாவோ கொடுக்காமல் கேட்டுச் செய்யுங்கள்.